கன்னத்தில் அறைந்துகொள்ளும் மகன்: ஒரு தாயின் கடிதத்துக்குப் பல் மருத்துவரின் பதில்

கேள்வி:

டாக்டர், எனக்கு ஒரே மகன். 17 வயது. ஆட்டிசம், பேச்சு கிடையாது. வலிப்பு இருப்பதால் ஆறு வயதிலிருந்து ஃபெனிடோயின் மாத்திரை சாப்பிடுகிறான். இரண்டு மாதமாக வலது கன்னத்தில் தானே அறைந்துகொள்கிறான். ராத்திரி இரண்டு மணி, மூன்று மணிக்கு எழுந்து கத்துகிறான். மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) மீன்கறியும் என்றால் அவனுக்கு உயிர், இப்போது தொடுவதே இல்லை. ஆறின கஞ்சியும் ஃபிரிட்ஜ் தண்ணீரும் மட்டும்தான் இறங்குகிறது. சூடாகக் காப்பி கொடுத்தால் தட்டிவிடுகிறான். மனநல மருத்துவரிடம் காட்டினோம், சேட்டை கூடிவிட்டது என்று கூடுதலாக ஒரு மாத்திரை எழுதினார். பகலெல்லாம் தூங்கி வழிகிறான், அறைவது மட்டும் நிற்கவில்லை. ஒரு பல் கிளினிக்கில் இவன் உட்கார மாட்டான், எங்களால் பார்க்க முடியாது என்று அனுப்பிவிட்டார்கள். இன்னொரு இடத்தில் நாலு பேர் பிடித்து அமுக்கி வாயைத் திறக்கப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு வெள்ளைக் கோட்டைக் கண்டாலே அலறுகிறான். மயக்கம் கொடுத்து எல்லாப் பல்லையும் எடுத்துவிட்டால் தொல்லை தீரும் என்கிறார் சொந்தத்தில் ஒருவர். மயக்கம் கொடுத்தால் எழுந்திருப்பானா என்று எனக்குப் பயம். சின்ன வயதில் அழுகையை நிறுத்தக் கருப்பட்டி மிட்டாய் கொடுத்துப் பழக்கியது நான்தான். அதனால்தான் இப்படி ஆனதா? அவன் அப்பா விடியுமுன் ரப்பர் பால்வெட்டுக்குப் போய்விடுவார், வீட்டில் நான் ஒருத்திதான். பஸ் என்றால் அவனுக்குப் பிடிக்கும். மழைநாளில் முன்சீட்டில் உட்கார்ந்து வைப்பர் ஆடுவதைப் பார்த்துக்கொண்டே வருவான். கடைசியாக ஒன்று. மாமியாருக்கு 78 வயது, மறதி நோய், படுக்கையில் இருக்கிறார். பல்செட்டைக் கழற்ற விடுவதில்லை. என்ன செய்ய?

– ஒரு தாய், திருவட்டாறு அருகே, கன்னியாகுமரி மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் மகனுக்குப் பேச்சு கிடையாது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் என் நாற்காலியில் உட்கார்ந்து நன்றாகப் பேசுகிற பலர்கூட இவ்வளவு தெளிவாகச் சொல்வதில்லை. எந்தப் பக்கம் என்று கன்னத்தில் அறைந்து காட்டுகிறான். ராத்திரி படுத்தால் கூடுகிறது என்று எழுந்து கத்திச் சொல்கிறான். மெல்ல முடியவில்லை என்பதை மரச்சீனியை ஒதுக்கிச் சொல்கிறான். சூடு பட்டால் உயிர் போகிறது, குளிர்ந்த தண்ணீர் பட்டால் கொஞ்சம் அடங்குகிறது என்பதைக் காப்பியைத் தட்டிவிட்டும் ஃபிரிட்ஜ் தண்ணீரைக் கேட்டு வாங்கியும் சொல்கிறான்.

இந்தக் கடைசி விஷயம் எனக்கு முக்கியமானது. பல்லுக்கு உள்ளே நரம்பும் ரத்தக்குழாயும் இருக்கும் சின்ன அறை உண்டு. சொத்தை அதுவரை போய்விட்டால் உள்ளே வீக்கம் வரும். சுற்றிலும் கெட்டியான சுவர், வீங்க இடம் கிடையாது. சூடு பட்டால் உள்ளே அழுத்தம் கூடும், வலி விண்விண் என்று தெறிக்கும். குளிர்ச்சி பட்டால் அழுத்தம் இறங்கும். தண்ணீர்ப் பாட்டிலைக் கையிலேயே வைத்துக்கொண்டு, நிமிடத்துக்கு ஒரு வாய் குடித்தபடி கிளினிக்குக்குள் வருகிறவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். படுத்தால் தலைக்கு ரத்தம் கூடுதலாகப் போவதால் ராத்திரியில் வலி ஏறும். நேரில் பார்க்காமல் நான் முடிவாகச் சொல்லக் கூடாது. அவன் வயதுக்குக் கடைவாயில் ஞானப்பல் முளைக்கும்போது ஈறு பழுத்தும் வலிக்கலாம். ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்தால் வலது பக்கம் ஏதோ ஒரு கடைவாய்ப்பல் நரம்பு வரை சொத்தையாகி இருக்கிறது என்றுதான் முதலில் சந்தேகப்படுவேன்.

ஆகவே இதைச் சேட்டை என்று நினைக்க வேண்டாம். பேச்சு இல்லாத பிள்ளை திடீரென்று தன்னை அடித்துக்கொள்வது, கையைக் கடிப்பது, தலையை மோதுவது, பிடித்த சாப்பாட்டை ஒதுக்குவது என்று மாறினால் முதலில் பார்க்க வேண்டியது பல், காது, வயிறு. அதற்குப் பிறகுதான் மனம். நீங்கள் எனக்கு எழுதியதையே மனநல மருத்துவரிடமும் சொல்லுங்கள். புதிய மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். வலி தீர்ந்த பிறகு அதைக் குறைக்கலாமா என்று அவரே பார்ப்பார்.

இதற்கிடையில் ஒன்றை மட்டும் கவனித்துக்கொண்டே இருங்கள். கன்னம் வெளியே தெரிய வீங்கினால், வீக்கம் கண்ணுக்குக் கீழோ தாடைக்கு அடியிலோ பரவினால், காய்ச்சல் வந்தால், எச்சிலை விழுங்க முடியாமல் ஒழுகவிட்டால், வாய் திறப்பது குறைந்தால், அன்றைக்கே ஆசுபத்திரி. ராத்திரி என்றாலும் ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். பல் சீழ் கழுத்துக்கு இறங்கினால் மூச்சை அடைக்கும், அதற்கு விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

வீட்டில் வலிக்குப் பாராசிட்டமால் கொடுக்கலாம். எத்தனை மில்லிகிராம், எத்தனை மணிக்கு ஒருமுறை என்பதை அவன் எடையையும் வலிப்பு மாத்திரையையும் சொல்லி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பல்லில் கிராம்புத் தைலம், கற்பூரம், நுணுக்கிய ஆஸ்பிரின் என்று எதையும் வைக்காதீர்கள். ஈறு வெந்துபோய் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இவனுக்கு வெந்தால் அதையும் சொல்லத் தெரியாது. மருந்துக் கடையில் ஐந்து நாளுக்கு ஆன்டிபயாட்டிக் வாங்கிக் கொடுப்பதும் உதவாது. வீக்கம் கொஞ்சம் வற்றும், பல்லின் ஓட்டை அப்படியே இருக்கும், அடுத்த மாதம் திரும்ப வரும்.

அடுத்து, மயக்கத்தைப் பற்றிய உங்கள் பயம். இது எல்லா அம்மாக்களுக்கும் வருவதுதான். ஆனால் உங்கள் மகனுக்கு இப்போதைய நிலையில் முழு மயக்கம்தான் நல்ல வழி என்பது என் கருத்து. வலி கடுமையாக இருக்கிறது, நாலு பேர் அமுக்கிய பயம் இன்னும் ஆறவில்லை, ஒன்றுக்கு மேற்பட்ட பல்லில் வேலை இருக்க வாய்ப்பு அதிகம். லேசாக அமைதிப்படுத்த மூக்கில் வைக்கும் சிரிப்பு வாயு என்று ஒன்று உண்டு. அதற்கு மாஸ்க்கை மூக்கில் வைத்துக்கொண்டு அமைதியாக மூச்சு இழுக்க வேண்டும். பயந்து அலறும் பிள்ளைக்கு அது பலிக்காது.

என்ன நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன், தெரிந்தால் பயம் பாதி குறையும். இதைக் கிளினிக்கில் செய்யக் கூடாது, மருத்துவமனையின் ஆபரேஷன் தியேட்டரில்தான் செய்ய வேண்டும். முன்னதாக ரத்தப் பரிசோதனை, நெஞ்சுப் பரிசோதனை, நரம்பியல் மருத்துவரின் கருத்து எல்லாம் வாங்குவார்கள். அன்று காலையில் வெறும் வயிறு. கெட்டியான சாப்பாடும் பாலும் ஆறு மணி நேரத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும், வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரம் முன்வரை தரலாம். வலிப்பு மாத்திரையை மட்டும் தவறவிடக் கூடாது. ஒரு மடக்குத் தண்ணீரில் எத்தனை மணிக்குக் கொடுப்பது என்று மயக்க மருத்துவரிடமே கேட்டு எழுதி வாங்குங்கள். வெறும் வயிறு என்று நினைத்து மாத்திரையையும் நிறுத்திவிட்டு வந்து, அங்கேயே வலிப்பு வந்து, ஆபரேஷன் தள்ளிப்போன கதைகள் உண்டு. மூச்சுவிட உதவும் குழாயை மூக்கு வழியாகச் செலுத்துவோம், அப்போதுதான் வாய் எங்களுக்குக் கிடைக்கும். மயக்க மருத்துவர் தலைமாட்டில் நின்று இதயத்துடிப்பையும் ஆக்சிஜனையும் முழு நேரமும் பார்த்துக்கொண்டே இருப்பார். ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அந்த ஆபத்தைக் குறைக்கத்தான் இத்தனை பரிசோதனையும் தியேட்டரும். மறுபக்கம், சீழோடும் தூக்கமில்லாமலும் இன்னும் ஆறு மாதம் இழுப்பதும் ஆபத்துதான்.

அவன் தூங்கும் அந்த நேரத்தில் வாய் முழுவதையும் பார்த்துவிடலாம். எக்ஸ்ரே எடுத்து, காப்பாற்ற முடிந்த பல்லை அடைத்து, முடியாததை எடுத்து, பல்லில் கெட்டியாகப் படிந்த காரையை நீக்கி, ஃப்ளோரைடு பூசி, எல்லாம் ஒரே தடவையில். எந்தப் பல்லை எடுப்பது, எதற்கு வேர் சிகிச்சை என்பதை எக்ஸ்ரே பார்த்ததும் முடிவு செய்ய வேண்டியிருக்கும். அதனால் முன்னாலேயே மருத்துவரிடம், "எடுக்காமல் தீரும் பல்லை எடுக்காதீர்கள்" என்று உங்கள் வாயால் சொல்லிவையுங்கள்.

முழித்த பிறகு ஒரு விஷயம். வலி தெரியாமல் இருக்க மரத்துப்போகும் ஊசியும் போட்டிருந்தால் உதடும் நாக்கும் இரண்டு மூன்று மணி நேரம் உணர்ச்சி இல்லாமல் இருக்கும். என்னமோ வித்தியாசமாக இருக்கிறதே என்று அவன் உதட்டைக் கடித்துக் கடித்துப் பார்ப்பான். காலையில் பல் சரியாகி, சாயங்காலம் உதடு கிழிந்து வந்த பிள்ளைகள் உண்டு. அந்த மூன்று மணி நேரமும் பக்கத்திலேயே உட்கார்ந்து, மடித்த ஈரத் துணியைக் கடிக்கக் கொடுங்கள்.

எல்லாப் பல்லையும் எடுத்துவிடலாம் என்று சொன்ன உறவினருக்கு நான் சொல்வது இது. 17 வயதில் இருப்பவை நிலைப்பற்கள், இனி முளைக்காது. பல் எடுத்தால் செட் வைக்க வேண்டும். வலிப்பு உள்ளவருக்குக் கழற்றி மாட்டும் செட் ஆபத்து, வலிப்பின்போது உடைந்து தொண்டைக்குள் போகலாம். அவனால் அதைப் பொறுத்துக்கொண்டு போட்டுக்கொள்ளவும் முடியாது. மரச்சீனியும் மீனும் உயிர் என்கிறீர்கள், வாழ்நாள் முழுக்கக் கஞ்சிதான் என்று அவனுக்கு எழுதிக்கொடுக்க நமக்கு உரிமை இல்லை. சிறப்புத் தேவை உள்ள பிள்ளைக்கு மட்டும் எடுத்துவிடுவது சுலபம் என்று நம் ஆட்கள் சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு கொதிக்கும். தங்கள் பிள்ளைக்கு அப்படிச் சொல்வார்களா?

உட்கார மாட்டான் என்று அனுப்பிய கிளினிக்கைப் பற்றி. எல்லாக் கிளினிக்கிலும் இப்படி ஒரு நோயாளியைப் பார்க்கும் வசதி இருக்காது, அது உண்மை. ஆனால் எங்கே போக வேண்டும் என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 25-ல், மருத்துவமனையில் அவர்களைக் கவனிப்பதிலும் சிகிச்சையிலும் முன்னுரிமை தர வேண்டும் என்று இருக்கிறது. மாற்றுத்திறனாளி அடையாள அட்டையை எடுத்துப் போய், கூட்டத்தில் இவனால் காத்திருக்க முடியாது என்று தயங்காமல் சொல்லுங்கள். நீங்கள் கேட்பது சலுகை இல்லை.

எங்கே போவது? உங்களுக்குப் பக்கத்தில் குலசேகரத்திலேயே பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பல் கல்லூரி என்றால் குழந்தைகள் பல் மருத்துவத்துக்கென்று தனிப் பிரிவு இருக்கும். வயது 17 ஆனாலும் இத்தகைய பிள்ளைகளைப் பார்த்துப் பழகியவர்கள் அங்கேதான் இருப்பார்கள். அரசு வழி வேண்டுமென்றால் ஆசாரிபள்ளம். பல் பிரிவும் மயக்கவியலும் ஒரே வளாகத்தில் இருப்பது உங்களுக்கு வசதி. நம் மாவட்டத்தின் மேற்குப் பக்கத்து மக்கள் பலரும் திருவனந்தபுரம் அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கும் போகிறார்கள். எங்கே போனாலும் முதலில் அவனைக் கூட்டிப் போகாதீர்கள். நீங்கள் மட்டும் போய், அல்லது ஃபோனில், "ஆட்டிசம் உள்ள பையனுக்கு முழு மயக்கத்தில் பல் சிகிச்சை செய்வீர்களா, மயக்க மருத்துவர் எந்த நாள் வருவார்" என்று கேளுங்கள். மருந்துச் சீட்டுகள், வலிப்பு கடைசியாக எப்போது வந்தது என்ற விவரம், அடையாள அட்டை, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை எல்லாம் ஒரு பையில் இருக்கட்டும்.

ஆட்டிசம் உள்ளவர்களுக்கு மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா என்ற காப்பீடு உண்டு, வருடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை. பல் சொத்தை வராமல் தடுக்கும் சிகிச்சையும் அதன் பட்டியலில் இருக்கிறது. இன்னும் சேரவில்லை என்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். அங்கேயே இன்னொன்றையும் கேட்டுவிடுங்கள். அவனுக்கு 18 ஆனதும் சட்டப்படி அவன் மேஜர். ஆபரேஷனுக்கு யார் கையெழுத்துப் போடுவது என்ற கேள்வி வரும். 1999-ம் வருடத்துத் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு பெற்றோரைச் சட்டப்பூர்வக் காப்பாளராக நியமிக்கும். அந்தச் சான்றிதழை இப்போதே தயார் செய்யத் தொடங்குங்கள்.

நாலு பேர் பிடித்து அமுக்கினார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியைப் படித்ததும் எனக்கு ஒரு பையன் ஞாபகம் வந்தான். படிப்பு முடித்து நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒன்பது வயது, மூளைவளர்ச்சிக் குறைபாடு. ஒரு பால்பல் ஆடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். அவசரமே இல்லை. ஆனால் வெளியே கூட்டம். நான் சொல்லித்தான் மூன்று பேர் கையையும் காலையும் பிடித்தார்கள். ஒரே நிமிடத்தில் பல்லை எடுத்துவிட்டேன், திறமையாகச் செய்ததாகவும் நினைத்துக்கொண்டேன். அடுத்த வருடம் அவன் அம்மாவைக் கடைத்தெருவில் பார்த்தேன். "அதுக்கப்புறம் முடி வெட்டவும் விட மாட்டேங்கிறான் டாக்டர், நாற்காலியப் பார்த்தாலே ஓடுறான்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நான் அன்று செய்தது தவறு. உயிருக்கு ஆபத்தான நேரத்தில், பெற்றோர் சம்மதத்தோடு, கையை மட்டும் மெல்லப் பிடித்துக்கொள்வது வேறு. வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்பதற்காக அமுக்குவதை நான் அத்தோடு விட்டேன்.

இப்போது புதன்கிழமை காலை முழுவதையும் இத்தகைய பிள்ளைகளுக்கென்று ஒதுக்கியிருக்கிறேன். ஒரு பெண் பிள்ளை, டவுன் சிண்ட்ரோம். முதல் நாள் வாசல்படி தாண்டி வரவில்லை. படியிலேயே உட்கார்ந்தாள், நானும் கோட்டைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டாம் தடவை நாற்காலியைத் தொட்டுப் பார்த்தாள். மூன்றாம் தடவை நாற்காலி ஏறி இறங்குவதைக் கண்டுபிடித்துவிட்டாள். மேலே போகும்போது "ரைட்", நிறுத்த வேண்டுமென்றால் "ஹோல்டான்". கண்டக்டர் அவள்தான். அவள் ஹோல்டான் சொன்னால் நான் எந்த வேலையில் இருந்தாலும் கையை எடுத்துவிடுவேன். நான்காம் தடவை வாய்க்குள் கண்ணாடி, பத்து எண்ணும்வரை. பத்தில் நிறுத்துவேன் என்றால் பத்தில் நிறுத்தியே ஆக வேண்டும். ஒரே ஒரு தடவை பதினொன்று எண்ணினால் அதுவரை சேர்த்த நம்பிக்கை போச்சு. ஆறாம் தடவை இரண்டு பல்லை அடைத்தோம். இதயத்தில் ஓட்டை இருந்து சின்ன வயதில் ஆபரேஷன் ஆன பிள்ளை அவள். அதனால் இதய மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் காரை நீக்கவே தொடங்கினேன். டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளை வைத்திருக்கும் அம்மாக்கள் இதைப் படித்தால் இதயத்தைப் பற்றிய தாள்களைப் பல் மருத்துவரிடமும் காட்டுங்கள், கழுத்தைப் பின்னால் சட்டென்று சாய்க்க விடாதீர்கள்.

உங்கள் மகனுக்கும் மயக்கத்தில் சிகிச்சை முடிந்த பிறகு இந்தப் பழக்கம் தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு வருடத்தில் திரும்பவும் மயக்கம்தான். கிளினிக்கின் வாசல், நாற்காலி, மாஸ்க் போட்டும் போடாமலும் மருத்துவரின் முகம், இவற்றை உங்கள் ஃபோனில் படம் பிடித்துத் தினமும் ஒருமுறை காட்டுங்கள். முதல் வருகைக்கு வாயைத் திறக்க வேண்டாம், பஸ்ஸில் வந்து, உட்கார்ந்து, திரும்பிப் போனால் போதும். காலை முதல் ஆளாக நேரம் கேளுங்கள், வெள்ளைக் கோட்டு வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். லைட் கண்ணில் அடிக்காமல் ஒரு கூலிங்கிளாஸ், சத்தத்துக்குக் காதில் ஹெட்ஃபோன். "டாக்டர் ஒண்ணும் பண்ண மாட்டார்" என்று மட்டும் பொய் சொல்லிக் கூட்டி வராதீர்கள். சின்னச் சொத்தைகளுக்கு ஊசியும் மெஷினும் இல்லாமல் வெள்ளிச் சத்துள்ள ஒரு ஃப்ளோரைடு மருந்தைத் தொட்டு வைக்கலாம், சில்வர் டையமின் ஃப்ளோரைடு என்று பெயர். ஒரு நிமிட வேலை. சொத்தை பரவுவது பெரும்பாலும் நிற்கும், ஆனால் அந்த இடம் கறுத்துவிடும். கடைவாய்ப்பல் என்றால் கறுப்பு யாருக்குத் தெரியப்போகிறது?

வீட்டில் பல் தேய்ப்பதைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. விடவே மாட்டான் என்றுதான் நினைக்கிறேன். உயரமாக வளர்ந்த பையன், முன்னால் நின்று தேய்க்க உங்களால் முடியாது. இப்படிச் செய்து பாருங்கள். நீங்கள் கட்டிலில் உட்காருங்கள், அவன் தரையில், முதுகு உங்கள் பக்கமாக. அவன் தலையை உங்கள் மடியில் சாய்த்துக்கொள்ளுங்கள். இடது கையால் தாடையைத் தாங்கி, விரலைக் கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவே மட்டும் விட்டு உதட்டை விலக்குங்கள். மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே ஒருபோதும் விரல் போகக் கூடாது. உள்பக்கம் தேய்க்க, இன்னொரு பழைய பிரஷின் தடித்த பிடியில் துணி சுற்றி, அதை ஒரு பக்கம் கடிக்கக் கொடுத்துவிட்டு மறுபக்கம் தேய்க்கலாம்.

முதல் நாளே பல்லுக்குப் போக வேண்டாம். முதலில் பிரஷை அவன் கையில் தேய்த்துக் காட்டுங்கள், பிறகு கன்னம், பிறகு உதடு, நாலைந்து நாள் கழித்து முன்பல். வலிக்கிற வலது பக்கத்தைச் சிகிச்சை முடியும்வரை விட்டுவிடுங்கள். அவனுக்கு வைப்பர் பிடிக்கும் என்று எழுதினீர்களே, அதையே எடுத்துக்கொள்ளுங்கள். "வைப்பர் போடுவோமா" என்று சொல்லி, அந்தப் பக்கம் இந்தப் பக்கம் என்று அதே தாளத்தில், பத்து எண்ணி நிறுத்துங்கள். காலையில் நேரம் இல்லையென்றால் போகட்டும், ராத்திரி படுக்குமுன் ஒருமுறை ஒழுங்காகத் தேய்த்தால் போதும். பேஸ்ட் பட்டாணி அளவு, 1000 பிபிஎம் அளவில் ஃப்ளோரைடு உள்ளதாக. துப்பத் தெரியாவிட்டால் துணியால் துடைத்து எடுங்கள். ஆட்டிசம் உள்ள பலருக்குப் புதினா வாசனை பேஸ்ட் வாய் எரிவது போல இருக்கும், காரமில்லாத வேறு சுவையில் தேடிப் பாருங்கள். உமிக்கரி வேண்டாம். பல்லை அரிக்கும், அதோடு விரலால்தான் தேய்க்க வேண்டியிருக்கும்.

ஃபெனிடோயின் சாப்பிடுபவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஈறு தடித்துப் பல்லை மூடிக்கொண்டு வளரும். 1939-லேயே மருத்துவர்கள் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார்கள். அவனுக்கு ஈறு உப்பி, தொட்டால் ரத்தம் வருகிறதா என்று பாருங்கள். நன்றாகத் தேய்த்தால் வளர்ச்சி குறையும். அதிகம் வளர்ந்திருந்தால் அதே மயக்கத்தில் சீர்செய்துவிடலாம். வேறு மாத்திரைக்கு மாற்ற முடியுமா என்று நரம்பியல் மருத்துவரைத்தான் கேட்க வேண்டும், நீங்களாகக் குறைக்கவே கூடாது.

கருப்பட்டி மிட்டாய்க்கு வருகிறேன். கருப்பட்டியும் பல்லுக்குச் சர்க்கரைதான், அதை மறைத்து உங்களுக்கு ஆறுதல் சொல்ல மாட்டேன். ஆனால் மிட்டாய் மட்டும் காரணம் இல்லை. தேய்க்க முடியாத வாய், வாயிலேயே சாப்பாட்டை அடக்கிவைக்கும் பழக்கம், பார்க்கவே மறுத்த மருத்துவர்கள் எல்லாம் சேர்ந்தது இது. தனியாக ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு அழுகையை நிறுத்தக் கையில் கிடைத்ததைக் கொடுத்தீர்கள். இனி பார்க்க வேண்டியது எத்தனை தடவை என்பதைத்தான். ஒரு நாளில் ஆறு தடவை கொஞ்சம் கொஞ்சமாகத் தின்பதைவிட, சாப்பாட்டோடு சேர்த்து ஒரு தடவை தின்றால் பல்லுக்குச் சேதம் குறைவு. ஏத்தங்காய் சிப்ஸ், பிஸ்கட் போலப் பல் இடுக்கில் ஒட்டுவதைத் தின்றதும் தண்ணீர் குடிக்கவையுங்கள். பள்ளியிலோ பயிற்சி மையத்திலோ சொன்னதைச் செய்தால் மிட்டாய் தருகிறார்களா என்று கேளுங்கள். தந்தால் அதற்குப் பதிலாக ஃபோனில் வைப்பர் ஆடும் வீடியோவை ஒரு நிமிடம் காட்டச் சொல்லுங்கள்.

மாமியாரின் பல்செட்டைப் பற்றி. ராத்திரி அது வாயில் இருக்கக் கூடாது. அடியில் பூஞ்சை பிடிக்கும், வாய் அழுக்கு எச்சிலோடு நெஞ்சுக்குள் இறங்கிப் படுக்கையில் இருப்பவருக்கு நிமோனியா வரலாம். கழற்று என்று சொன்னால் மறதி உள்ளவர், தன் பல்லை யாரோ பிடுங்க வருகிறார்கள் என்று நினைப்பார். சண்டை பிடிக்காமல், சாப்பிட்டு முடித்ததும் கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, "வாய் கொப்பளிப்போம் அம்மா" என்று தொடங்குங்கள். உங்கள் பல்லைத் தேய்ப்பது போல அவர் கண்முன் செய்து காட்டுங்கள், பார்த்தபடி செய்ய வாய்ப்பு உண்டு. அவர் மனம் தெளிவாக இருக்கும் நேரம் எது என்று உங்களுக்குத்தான் தெரியும், காலையாக இருந்தால் காலையிலேயே கழற்றிக் கழுவுங்கள். கழற்றிய பிறகு ஈறையும் நாக்கையும் ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள், தலையை உயர்த்தி வைத்துக்கொண்டு. செட்டை மூடிபோட்ட டப்பாவில் தண்ணீரில் போட்டுவையுங்கள், சுடுதண்ணீர் வேண்டாம், வளைந்துவிடும். அப்புறம், செட் இறுக்கமாக இல்லாமல் தளர்ந்து ஆடுகிறதென்றால் ராத்திரி மட்டுமல்ல, சாப்பிடும் நேரம் தவிர மற்ற நேரத்திலும் வேண்டாம், தொண்டைக்குள் நழுவிவிடும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் செவிலியரிடம் வாயையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

மகனுக்காக மருத்துவமனைக்கு ஃபோன் செய்வதை இந்த வாரமே செய்துவிடுங்கள். நாளும் நேரமும் கிடைத்ததும் அவனிடம் பல்லைப் பற்றிச் சொல்லத் தொடங்க வேண்டாம், எந்த பஸ், எந்த சீட் என்பதிலிருந்து தொடங்குங்கள்.